கீது என்று ஒரு வார்த்தை

எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று குசலம் விசாரித்துக்கொள்ளும் இடத்தில், ஒரு சின்னத் தீவு இருக்கிறது. தீவு என்பது வரைபடத்தில் போட்டிருக்கும் பெயர். எங்கள் ஊரில் அது திட்டு. கல்யாணமான புதிதில் என் மனைவி, திட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். யாரிடம் திட்டு வாங்கப் போகிறாய் என்று நான் நிஜமாகவே கேட்டுவிட்டேன். எத்தனையோ வருடம் ஆகியும் அதைச் சொல்லிச் சிரிக்க இங்கே ஆள் இருக்கிறது.

நான் எம்.கே.பி. நகரில் பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு ஏற்றி இறக்கப் போனேன். மிச்சப் படிப்பெல்லாம் லாரி டிரைவர்களிடமும் டீக்கடை பெஞ்சிலும்தான். யாராவது ஒரு பழமொழி சொன்னால் போதும், அடுத்த கடைக்குப் போவதற்குள் அதை நான்கு பேரிடம் சொல்லியிருப்பேன். வேலை கிடைத்தது வாயால். பெண் கிடைத்ததும் அதே வாயால். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை எனக்காகவே சொல்லி வைத்ததாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தகட்டுக் கட்டைத் தூக்கும்போது இடுப்பில் என்னவோ விட்டுப்போனது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மனைவியின் ஊருக்கே குடிவந்தோம். அவளும் அவள் அம்மாவும் திட்டில் பிடித்து வரும் இறாலில்தான் அடுப்பு எரிந்தது. நான் மூன்று மாதம் படுத்துக்கொண்டு, மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுகூடக் குறைந்துபோயிற்று. அதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருந்திருக்கிறது.

ஒரு காலையில் அத்தை வந்து வாசலில் நின்றார். என் மாமியாரைத்தான் சொல்கிறேன். கையில் இரண்டு பனையோலைப் பறி. அடிப்பக்கம் அகலமாக, வாய்ப்பக்கம் குறுகலாக முடைந்த பைதான் பறி. தண்ணிக்குள்ள இடுப்புக்குப் பாரம் தெரியாது மாப்ளே, எழுந்து வா என்றார்.

எங்கள் ஊரில் ஆண்கள் வலைக்குப் போவார்கள். சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பது பெண்களின் தொழில். திட்டின் ஓரத்தில் இறங்கியபோது அங்கே இருந்த ஆறேழு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். "இன்னாக்கா, வலை இல்லாமலே பெரிய மீனா புடிச்சாந்துட்ட" என்றாள் ஒருத்தி. எனக்கு வெட்கம். வெட்கத்தை மறைக்கப் பேச ஆரம்பித்தேன். ஆழம் எவ்வளவு, பாம்பு இருக்குமா, அந்தக் கரண்ட் டவரை எப்போது நட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"கேள்விய அப்பால கேளு. மொதல்ல இத்த கவ்வு" என்று அத்தை பறியின் விளிம்பை என் பல்லுக்கிடையில் வைத்தார்.

அந்தத் தொழிலின் முறை அது. கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பறி பல்லில் தொங்கி மோவாய்க்குக் கீழே மிதக்கும். விரலில் இறால் துள்ளியதும் பிடித்து அதற்குள் போட வேண்டும். வாயைத் திறந்தால் பறி தண்ணீரோடு போய்விடும். முதல் நாள் எனக்கு இரண்டு தரம் போனது. ஒரு தரம், நண்டு கடித்ததைச் சொல்லப் போய். இன்னொரு தரம், சேற்றில் கை வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும் என்று சொல்லத் தோன்றியதை அடக்க முடியாமல். பெண்கள் பறியை விடாமல் மூக்காலேயே சிரித்தார்கள்.

ஆனால் இடுப்பு வலிக்கவில்லை. தண்ணீர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு என் பறியில் ஒரு குழம்புக்கு ஆகிற இறால் இருந்தது. அன்று வீட்டில் பழைய பேச்சு திரும்பியது என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

கரையேறி இறாலைத் தரம் பிரிக்கிற நேரம்தான் பேச்சுக்கு. திட்டின் கதையை அங்கேதான் சேகரித்தேன். ஒரு காலத்தில் அது உப்பளம். உப்பு மூட்டைகள் கால்வாய் வழியே படகில் போயிருக்கின்றன. அப்புறம் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அதற்கும் பிறகு சவுக்குத் தோப்பு. இப்போது நான்கு கால் டவர்கள், அவற்றுக்குக் கீழே ஊர்க்காரர்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஒரு அம்மன் கல். சேற்றின் நிறம் மாறிவிட்டது, முன்னைப் போல இறால் இல்லை என்று அத்தை சொல்வார். சொன்ன கையோடு மறுநாளும் இறங்குவார்.

இந்தக் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம் என்பதால்தான் ஊரார் என்னை முன்னால் நிறுத்தினார்கள். திட்டைச் சுற்றி வேலி போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால், யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போக சர்க்கார் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வருகிறார் என்றார்கள். யாருமில்லை என்று எழுதிவிட்டால் சேற்றுக்கு இறங்க வழி இருக்காது. எங்கள் வீடு உட்பட ஏழெட்டு வீட்டுச் சோறு அந்த ஒரு வரியில் இருந்தது. நீதான் நல்லாப் பேசுவ, நீயே பேசு என்றார்கள்.

வந்தவர் சின்ன வயசுக்காரர், கையில் டேப்லெட். உச்சிவெயில். தண்ணீர் ஏறியிருந்த நேரம் என்பதால் சேறு முழுக்க மூழ்கிக் கிடந்தது, ஒருவரும் இறங்கவில்லை. நான் மேடைப் பேச்சாளர் மாதிரி ஆரம்பித்தேன். இங்கே உப்பளம் இருந்தது ஐயா. கால்வாயில் படகுகள் இருந்தன. சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. தோப்பு இருந்தது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தட்டிக்கொண்டே வந்தார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். முன்பு உப்பளம், முன்பு தோப்பு, தற்போது பயன்பாடு இல்லை என்று இருந்தது.

அந்த மனிதர் மேல் தப்பில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். அத்தை பின்னால் நின்றிருந்தார். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"இருந்துச்சு இருந்துச்சுன்னு எழவு வூட்ல சொல்றாப்ல சொல்லிகினே கீறியே மாப்ளே. கீதுன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?"

வந்தவர் டேப்லெட்டை மூடிக்கொண்டு, இன்னொரு இடத்துக்கும் போக வேண்டும் என்றார். அத்தை அவரை விடவில்லை. தண்ணி வத்த ஆரம்பிச்சிடுச்சு, ஒரு டீ குடிச்சிட்டுப் பாத்துட்டுப் போ நைனா என்று உட்கார வைத்தார். டீ வந்தது, வறுத்த இறாலும் வந்தது. அதற்குள் சேறு தலை காட்டியது. பெண்கள் பறியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

இப்போ இங்க என்னம்மா இருக்கு என்று அவர் அத்தையிடமே கேட்டார்.

"எறா கீது. நண்டு கீது. நாங்க கீறோம். எறங்கிப் பாரு."

பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவர் இறங்கியது எனக்கு ஆச்சரியம். என்ன வகை இறால், எந்த மாதத்தில் அதிகம் என்று தண்ணீருக்குள் நின்றபடி கேட்கத் தொடங்கினார். அத்தை தன் பறியை அவர் வாய்க்கு நேரே நீட்டினார். கேள்விய அப்பால கேளு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் கவ்விக்கொண்டார். பேசாமல் குனிந்து துழாவினார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் திடுக்கென்று குலுங்கியது. கை மேலே வந்தபோது விரல்களுக்கிடையில் ஓர் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவர் கண் தவித்தது. வாயில் பறி இருந்ததால் முடியவில்லை. அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தவிப்பு.

கரையேறிக் கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் எழுதியதை அழித்தார். பெண்கள் தினமும் கையால் இறால் பிடிக்கும் இடம், இறங்குவதற்கு வழி தேவை என்று எழுதி, கேட்காமலே எனக்குப் படித்துக் காட்டினார்.

வேலி வந்தது. வராமல் இருக்காது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அம்மன் கல்லுக்குப் பக்கத்தில், பறியோடு ஒரு பெண் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இன்று காலையும் அதன் வழியாகத்தான் போனோம்.

என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியதும் அத்தைதான், என் வாயால் போகவிருந்த சேற்றை மீட்டுக் கொடுத்ததும் அத்தைதான். அந்த இடைவெளியில் நுழையும்போதெல்லாம் அவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்ல வாயெடுப்பதற்குள் தண்ணீரில் இறங்கியிருப்போம். எனக்கு முன்னால் அவர் பறியைக் கவ்விக்கொண்டு நகர்ந்துகொண்டிருப்பார். என் வாயிலும் பறி இருக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். மனைவி இதைப் படித்துக் காட்டுவாள். அத்தை கேட்டுவிட்டு என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். பெயரே திட்டு, திட்டு வாங்காமல் அங்கே யார் பிழைத்தது?