மேலே போகாத செய்தி

நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மர முக்காலி, தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் கிடந்தது. அங்கே நான் கருவிகளைத் துடைத்து அடுக்கும் உதவியாள். தான் ஓய்வுபெற்றபோது இதை எனக்குத் தந்த பேராசிரியர் ஒருநாளும் இதில் உட்கார்ந்ததில்லை. சோவியத் நாட்டின் விண்வெளி வீரராக இருந்தவர். விண்ணிலிருந்து வரும் கதிர்களை அளப்பதற்கென்றே மேலே அனுப்பப்பட்ட பௌதிக விஞ்ஞானி. நாடு உடைந்து வேலையும் போனபின், றிச்மண்ட் ஹில்லில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். பூமியைச் சுற்றிய மனுசனுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியாது. யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடிதான் பாடம் சொல்வார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

பறந்த கதையை யார் கேட்டாலும் அவர் ஒன்றையே சொல்வார். மேலே இருந்த மாதங்களில் தாயின் பிறந்தநாள் வந்தது. வானொலியில் வாழ்த்துச் சொன்னார். அம்மாவுக்குச் சந்தோஷம் என்று கீழேயிருந்து பதில் வந்தது. தரையிறங்கிய பிறகுதான் தெரிந்தது, தாய் அதற்கு முன்பே இறந்து, அடக்கமும் முடிந்துவிட்டதென்று. வேலை கெட்டுவிடக் கூடாதென்று மறைத்தார்களாம். "கதிர்க் கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது," என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக நடப்பார்.

என் அகதி வழக்கு விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் ஆய்வுகூடத்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் பேராசிரியர். பேசியது மோர்னிங்சைட்டில் இருந்த என் அண்ணை. யாழ்ப்பாணத்தில் அம்மா போய்விட்டா. தம்பிக்கு நாளைக்கு வழக்கு, மனம் உடைந்துவிடுவான், சொந்தக்காரர் யாராவது அழைத்தால் அவனிடம் கொடுக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

பேராசிரியர் முக்காலியை இழுத்துப்போட்டு என்னை இருத்தினார். "உன் தாய் இறந்துவிட்டார். மறைக்கச் சொல்கிறார் உன் அண்ணன். என்னால் முடியாது," என்றார். வந்த ஆத்திரத்துக்கு அவரை அடித்திருப்பேன். அன்று அவர் நடக்கவில்லை. நான் அழுது முடியும்வரை என் முன்னால் தரையில் குந்தியிருந்தார்.

மறுநாள் விசாரணையில், ஊரில் உமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவருமில்லை என்றேன். குரல் உடைந்ததுதான். ஆனால் செத்துப்போன அம்மா எனக்காகக் காத்திருக்கிறா என்று நான் சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதரை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன். வழக்கு வென்றது. அண்ணை மட்டும் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியில் அந்த அண்ணையும் போய்விட்டார். அவருடைய மகன் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு வின்னிபெக் போய்க்கொண்டிருக்கிறான். "இப்ப அவனுக்குச் சொல்லாதேங்கோ தம்பி. திரும்பி வரட்டும்," என்கிறா அண்ணி. நெடுநேரம் நானும் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். பிறகு இந்த முக்காலியை இழுத்துப்போட்டு அவனை அழைத்தேன்.

"சொல்லுங்கோ சித்தப்பா. அப்பாவுக்கு இப்ப எப்பிடி?"

"முதல்ல லொறியை ஓரமா நிப்பாட்டு ராசா," என்றேன்.