இரண்டாவது கட்டை

பள்ளிப் படிப்பை முடித்த அடுத்த வருடம், பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்புறம் இருந்த ஒரு லோரிக் கொட்டகையில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். டெலிபோனில் இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று முதலாளி தேடியபோது, அங்கே லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் "என் தங்கச்சி பேசுவா" என்று சொல்லி அழைத்துப் போனார். அவர் சிறு வயதிலேயே வேலைக்குப் போனதால்தான் நான் படிக்க முடிந்தது. அந்த டெலிபோனை எடுக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பெருமைப்பட்டுக்கொள்வேன்.

கொட்டகை முழுவதும் கிராம்பு வாசனை. அரிசி மூட்டைகளோடு மலைப்பாதையில் ஏறி இறங்கித் தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவுக்குப் போகும் லோரிகள், கிராம்பும் ஜாதிக்காயும் ஏற்றிக்கொண்டு திரும்பும். டுரியான் பழக் காலத்தில் மட்டும் அதன் நெடி தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பெண் கிராணியை வேடிக்கை பார்க்கவே சிலர் வந்து போவார்கள். டிரைவர்கள் என்னை "மிஸ்ஸி" என்பார்கள். கேலியாகத் தொடங்கியது, போகப்போக மரியாதையாகிவிட்டது.

கேலிக்கு அங்கே பஞ்சமே இல்லை. பிரேக் சரியில்லை என்றோ மழையில் மலை ஏறப் பயமாக இருக்கிறது என்றோ யாராவது வாய் திறந்தால் போதும், மறுநாள் அவருடைய லோரியின் முன்விளக்கில் ஒரு கண்ணாடி வளையல் தொங்கும். தொங்கவிடுகிறவர் எல்லோருக்கும் மூத்த டிரைவர். நாகூர்க்காரர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பசியாறாமல் வந்தவர்களுக்குத் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த வளையலுக்குப் பயந்தே யாரும் எதுவும் சொல்வதில்லை. வேறொரு கொட்டகையின் லோரி வளைவில் பள்ளத்துக்குள் உருண்டு, டிரைவரைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்த பிறகும் சொல்லவில்லை.

அண்ணி நிறைமாதமாக இருந்த மழைக்காலம் அது. ஒரு காலை பசியாறும்போது, அடுப்படியில் இருந்த அண்ணிக்குக் கேட்காதபடி அண்ணன் சொன்னார்.

"பிரேக்கு அடி வரைக்கும் போவுது பாப்பா. நேத்து கடைசி வளைவுல வண்டி நிக்கல. மரத்துல உரசித்தான் நின்னுச்சு."

கொட்டகை மானேஜரிடம் சொல்லுங்கள் என்றேன். "வளையல் மாட்டிக்கச் சொல்றியா?" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கொட்டகைக்குப் போனதும் நானே மானேஜரிடம் போனேன். நல்ல இங்கிலீஷ் வாக்கியங்களாக மனத்துக்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், டிரைவர் வந்து சொல்லட்டும், கிராணி சொல்லி வண்டி நிற்காது என்று தமிழிலேயே முடித்துவிட்டார். வெளியே மூட்டை ஏற்றி முடித்திருந்தார்கள். அண்ணன் லோரியின் என்ஜின் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு செய்ததை யோசித்துச் செய்யவில்லை. மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒவ்வொரு லோரியிலும் ஒரு மரக்கட்டை இருக்கும். அண்ணன் லோரியில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு போய் முன் சக்கரத்தின் எதிரே போட்டேன். நினைத்ததைவிடக் கனம். புடவையெல்லாம் எண்ணெய்க் கறை.

கொட்டகையே சிரித்தது. "தங்கச்சி விடமாட்டேங்குது லா, வீட்டுக்குப் போய் தொட்டில் ஆட்டு" என்று ஒரு டிரைவர் கத்தினார். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கட்டையை எடுத்திருப்பேன். மானேஜர் வெளியே வந்து, அதை எடுக்காவிட்டால் அண்ணன் தங்கை இருவருமே நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

நானா பீடியை எறிந்துவிட்டு எங்களை நோக்கி வந்தார். காலால் கட்டையைத் தள்ளிவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அண்ணனை இறங்கச் சொல்லி, தான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். மறுபடியும் மிதித்தார். இறங்கித் தன் லோரிக்குப் போய், அதிலிருந்த கட்டையை எடுத்துத் தன் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

"என் வண்டியும் கொஞ்ச நாளா சரியில்ல. சொல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு" என்றார், மானேஜரைப் பார்த்து அல்ல, மற்ற டிரைவர்களைப் பார்த்து. பிறகு என் கையைக் காட்டி, "வளையல் போட்ட கைதான் முதல் கட்டையை வெச்சிருக்கு. இனிமே வளையலைக் காட்டி யாரைக் கேலி பண்றது?" என்றார்.

அதைக் கேட்டு எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு டிரைவர் தன் கட்டையை எடுத்தார். அப்புறம் இன்னொருவர்.

அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் லோரி ஓட்ட ஆள் இல்லை என்பது மானேஜருக்குத் தெரியும். பட்டறைக்கு டெலிபோன் செய்யச் சொன்னார். நான்தான் செய்தேன். அரிசிக்குக் காத்திருந்த கடைக்காரரின் திட்டையும் நான்தான் கேட்டேன். அண்ணன் லோரியின் பிரேக் கம்பி நூல் நூலாகப் பிரிந்துபோயிருந்தது. பட்டறைக்காரர் கழற்றிக் காட்டிய கம்பியை அண்ணன் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, கேலி செய்த டிரைவரைத் தேடிப் பிடித்து, "ஆமாண்ணே, தொட்டில் ஆட்டத்தான் போறேன்" என்றார்.

ஆட்டினார். பெண் குழந்தை.

நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அதுவே வழக்கமாக இருந்தது. சக்கரத்துக்கு முன்னால் கட்டை இருந்தால் யாரும் சிரிக்கக் கூடாது. வைத்தவர் எடுக்கும்வரை முதலாளிகூடத் தொடக் கூடாது. புதிதாக வருகிற டிரைவருக்கு நானா முதலில் அந்தக் கட்டையைத்தான் காட்டுவார். அவர் ஊருக்குக் கப்பல் ஏறிய அன்று கொட்டகையில் ஒரு லோரியும் ஓடவில்லை.

இப்போது நான் பட்டர்வொர்த்தில் ஆசிரியை. பினாங்குக்குப் படகில் போய் வரும்போது எங்கிருந்தோ கிராம்பு வாசனை வந்தால், அந்தக் கொட்டகையும் அந்த லோரிச் சத்தமும் அப்படியே திரும்பி வரும். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து புரியவில்லை என்று சொல்லி, மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கும்போதும் நானாவைத்தான் நினைத்துக்கொள்வேன். அன்று நான் வைத்த கட்டையை யார் வேண்டுமானாலும் ஓர் உதையில் தள்ளியிருக்கலாம். என் அண்ணனைக் காப்பாற்றியது இரண்டாவது கட்டைதான். அதனால் யாராவது தனியாக நின்று தன் பயத்தைச் சொல்வதைக் கேட்டால், இன்றும் என் கை தானாக அடுத்த கட்டையைத் தேடுகிறது.