தீக்குழியில் வென்ற வழக்கு

பிழை என்னுடையதுதான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகள் கழன்று, வீதியில் விரட்டி ஓடலாம் என்று ஆகியிருந்த காலம். லொறியில் இறால், மேலே ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. முந்தல் ஊருக்குக் கிட்ட ஒரு பஸ்ஸை முந்தப் போய், எதிரே சைக்கிளில் வந்தவனை அடித்துவிட்டேன்.

அடிபட்டவன் என் ஊர்க்காரன், மச்சான் முறை. ஒரே கரைவலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கயிறு இழுத்தவர்கள் நாங்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவன் அதுவரைக்கும் வரவில்லை. நான் இறால் குளம் வெட்டினேன், லொறி வாங்கினேன். எவனும் எனக்கு ஒரு தென்னம்மட்டைகூட எடுத்துத் தந்ததில்லை. அவன் கயிற்றையே பிடித்துக்கொண்டு நின்றான். முன்பு என்னை ‘நீ’ என்றவன், லொறி வாங்கிய பிறகு ‘நீங்க’ என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். தொடைக்குள் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள்.

“மச்சான், இந்தக் கால ஊண்டி இனி வலை இழுக்க ஏலாதாம். டொக்டர் சொல்லிட்டார்” என்றான்.

“காலாலயாடா வலை இழுக்கிற? கையாலதானே?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நட்டஈடு கேட்டு என்மேல் வழக்குப் போட்டான்.

லொறியின் காப்புறுதி அப்போது முடிந்து கிடந்தது. நாளைக்குப் புதுப்பிக்கலாம், நாளைக்குப் புதுப்பிக்கலாம் என்று விட்டிருந்தேன். தீர்ப்பு அவன் பக்கம் போனால் என் குளம் போய்விடும். பொலிஸ் வழக்கில் குற்றத்தை ஏற்றுத் தண்டமும் கட்டியாயிற்று. யார் பிழை என்று கதைக்க ஒன்றும் மிச்சமில்லை. மிஞ்சியது அவனுடைய காலின் கதை ஒன்றுதான்.

அவனுடைய சட்டத்தரணி சிலாபத்துக்காரர், சிங்களவர். கெட்டிக்காரர், ஆனால் ஆசை கூடியவர். ‘ஊன்றுகோல் இல்லாமல் ஓரடியும் எடுத்துவைக்க முடியாதவர்’ என்று மனுவில் எழுதிவிட்டார். உண்மை அதுவல்ல. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பான், நொண்டி நொண்டி வேலிவரைக்கும் வருவான். வலை இழுக்கத்தான் முடியாது. அதை அப்படியே எழுதியிருந்தால் நான் தொலைந்திருப்பேன். என் சட்டத்தரணி அந்த வரியைத் தமிழில் சொன்னபோது, ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆடி மாதம், எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்ததை நான் கண்டிருந்தேன். காப்புக் கட்டியவன் தீ மிதிக்காமல் அதை அவிழ்க்க மாட்டான். அவன் மயங்கிக் கிடந்தபோதே, பிழைத்தால் தீ மிதிப்பான் என்று பெண்சாதி நேர்ந்துவிட்டாளாம். கோட்டுக்கு ஊன்றுகோலோடு வா, பஸ்ஸில் ஊன்றுகோலோடு ஏறு என்றெல்லாம் சட்டத்தரணி சொல்லிக் கொடுத்திருப்பார். தீக்குழிக்குள் இறங்காதே என்று சொல்ல அந்தச் சிலாபத்து மனிதருக்கு எப்படித் தோன்றும்? எனக்குத் தோன்றியது. படித்தவனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனத்துக்காகத் தீ மிதிப்பை வீடியோ எடுக்கத் தில்லையடியிலிருந்து ஒருவர் வருவார். அவரைத் தனியே கூப்பிட்டு ஆளைக் காட்டினேன்.

“மொகத்த எடுக்கவா, கால எடுக்கவா, மொதலாளி?”

“இறங்கக்குள்ள முகம். இறங்கினதும் கால். வேற ஒண்டும் வேணாம்.”

நானும் வருஷம் தவறாமல் மிதிப்பவன். அந்தி சாயும் நேரம், வரிசையில் அவனுக்கு நேர் பின்னால் போய் நின்றேன். அவன் கண் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவில்லை.

மூன்றாம் அடியில் தகடு வைத்த கால் மடிந்தது. உடம்பு தணலை நோக்கிச் சரிந்தது. விழுந்தால் எரிவான். விழுந்தால் கால் கெட்டதற்கு வீடியோவே சாட்சி சொல்லும். எனக்கு முதலில் வந்த யோசனை இரண்டாவதுதான். வலது கையை அவன் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினேன். கரைவலை இழுத்த கை, சும்மா இல்லை. மிச்ச அடியெல்லாம் அவன் பாரம் என்மேல்தான் போனது. பறையும் அரோகராவும் காதை அடைத்தன. தீக்குள் ஒருவரை ஒருவர் பிடிப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் உள்ளங்காலில் அந்த வருஷம் மட்டும் கொப்புளம் போட்டது.

கோட்டில் டீவி வைத்துப் போட்டுக் காட்டினார்கள். முதலில் அவன் முகம். பிறகு தணலில் இரண்டு கால், ஒன்றன்பின் ஒன்றாக. கணுக்காலுக்கு மேலே ஒன்றும் படத்தில் விழவில்லை.

“இது நீங்கள்தானே?” என்று என் சட்டத்தரணி கேட்டார்.

“ஓம் ஐயா.”

“ஊன்றுகோல் எங்கே?”

“தீக்குள்ள அதக் கொண்டுபோக ஏலாது ஐயா.”

பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: “யாராவது பிடித்துக்கொண்டார்களா?”

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

“ஓம் ஐயா. அம்மா பிடிச்சா. இந்தா, இந்த அக்குளுக்குள்ள கை குடுத்துத் தூக்கினா.”

“உங்கள் தாயாரா?”

“இல்ல ஐயா. அம்மன்.”

இப்போது சிரிப்பு முன்வரிசை வாங்கு வரைக்கும் வந்தது. அவனுடைய சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் வலது கையை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். காலைப் பற்றி அவன் சொன்ன எதையும் நம்ப முடியாதென்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்தவனிடம், “அம்மனிட்டயே நட்டஈடு கேள்” என்றேன்.

கரைவலைக்கு அவனை யாரும் சேர்க்கவில்லை. கடைசியில் பெண்சாதி என் வாசலுக்கு வந்து நின்றாள். என் குளத்தில் இறால் கொத்த வரும் நீர்க்காகங்களை விரட்டும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் தகரத்தைத் தட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துக் குளக்கட்டைச் சுற்றுகிறான். ஆடி வந்தால் வேலைக்காரருக்கெல்லாம் அந்தக் கையின் கதையைச் சொல்வான். எவ்வளவு குளிர்ச்சியான கை என்பான்.

போன வருஷம் என்னிடமே கேட்டான்.

“மச்சான், நீங்க அண்டைக்குப் பின்னாலதான் வந்தீங்களாமே. ஒண்டும் காணல்லயா?”

“நான் என்ட காலப் பாத்துக்கொண்டு வந்தன்டா.”

“உங்கட கண்ணுக்குத் தெரியாதுதான்” என்றான். என்மேல் அவனுக்கு இரக்கம்.

சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கால் மறுநாள் குளக்கட்டில் ஏறாது. காகம் விரட்ட நான் வேறு ஆள் தேடவேண்டும்.