உதடு படாத டம்ளர்

என் மேஜை இழுப்பறையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடக்கிறது. ஆஸ்பத்திரி கேன்டீன் டம்ளர்தான்; விளிம்பில் ஒரு சொட்டை. தாசில்தார் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து அதைத்தான் தலைக்கு மேல் தூக்கிக் குடித்தார். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரை எனக்குப் பிடிக்காது. பிடிக்காததை மறந்துவிடக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நாற்று நட்ட குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், எதிலும் அவசரம். ஆள் அறைக்குள் நடந்து வரும்போதே பாதி முடிவு எடுத்திருப்பேன். அந்தத் தாசில்தார், ஓய்வுபெற்றவர், தன் மனைவியோடு வந்தார். பார்க்கின்சன் வந்து ஏழு வருடம். அசையாத முகம், நடுங்கும் கை, தோளில் நான்காக மடித்த துண்டு. கடைவாயில் எச்சில் வழிந்ததும் துண்டு போய் ஒற்றியது. இந்த நோயில் எச்சில் அதிகம் ஊறுவதில்லை. ஊறியதை விழுங்கத்தான் தொண்டை மறந்துபோகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

“எந்த ஊரும்மா?”

“கீழ்வேளூர் பக்கம் சார்.”

“பக்கம்னா? எந்தத் தெரு?”

இந்தக் கேள்வியை எங்கள் பக்கம் யாரும் விலாசத்துக்காகக் கேட்பதில்லை. சொன்னேன். “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’மில் என் வெள்ளைக் கோட்டு கழன்று விழுந்தது போலிருந்தது.

டம்ளரில் தண்ணீர் கொடுத்து, வாய் வைத்து, முகவாயைத் தாழ்த்திக் குடிக்கச் சொன்னேன். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதி சட்டையில் விழுந்தது.

“வாய் வச்சுக் குடிங்க சார்.”

“எனக்கு இதான் பழக்கம்.”

குரல்வளை மேலெழுகிறதா என்று பார்க்க விரலை நீட்டினேன்.

“தொடாம பாரும்மா.”

என் தாத்தாவின் குவித்த கைகளில் செம்பைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிய வீடுகளைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் ஒரே நொடியில் தலைக்கு ஏறியது. “‘ஆ’ சொல்லுங்க” என்றேன். அவர் குரல் ஈரமாகக் களகளத்தது. தண்ணீர் மூச்சுக்குழாயின் வாசலில் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். அதை வெளியே தள்ள இருமல் வரவில்லை, அதுதான் மோசம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ‘பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று மட்டும் ஃபைலில் எழுதினேன். அண்ணாந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் என்று அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரத்தில் நிமோனியாவோடு தூக்கி வந்தார்கள். மூக்கு வழியே வயிற்றுக்கு உணவுக் குழாய். அவர் மனைவி என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுலயும் ஒரு வருஷமா அப்படித்தாம்மா குடிக்கிறாங்க. வாய் வச்சா எச்சில் டம்ளருக்குள்ள விழுந்துடுது. பேரப்புள்ளைங்க மூஞ்சியச் சுளிக்குதுங்க. கழுத்தெல்லாம் ஈரமா இருக்குன்னு யாரையும் தொட விடமாட்டாங்க. நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமே?” என்றேன், சூடாகவே.

“அவங்க எதுத்தாப்லயா?”

தெருவைக் கேட்டது கேட்டதுதான். அதற்கு எச்சில் காரணமில்லை. அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஒரு சோதனை முடிவு போல எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அன்று கட்டிலருகே போய், கேட்காமலே அவர் கழுத்தில் விரலை வைத்தேன். தடுக்கவில்லை. ஈரமாகத்தான் இருந்தது.

“விழுங்குங்க சார்.”

காத்திருந்தேன். விரலுக்கடியில் ஒன்றும் எழவில்லை. கண் மட்டும் மேஜை மேலிருந்த செம்புக்குப் போயிற்று.

“ஒரு வாய் தண்ணி” என்றார். கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியவளும் நானாகவே இருந்தேன். குழாயோடுதான் வீட்டுக்குப் போனார். குழாயோடுதான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது யார் வந்தாலும் முதலில் இழுப்பறையைத் திறந்து, அந்தச் சொட்டை டம்ளரை வெறுமையாகவே கையில் கொடுக்கிறேன். “வீட்டுல எப்படிக் குடிப்பீங்க, காட்டுங்க.” யாராவது அதைத் தலைக்கு மேல் தூக்கினால் எனக்குப் பழைய சூடு ஏறத்தான் செய்கிறது. ஏறட்டும். அதற்குள் என் விரல் அவர் தொண்டைக்குப் போய்விடுகிறது.