அவன் வேண்டுமென்றே அவுட்டான நாள்

2009ஆம் ஆண்டு கோடைகாலம். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தோம். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக என் தங்கை குடும்பத்தோடு ஹொலண்டிலிருந்து எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கே கணக்காளராக இருந்தவள் இங்கே ஒரு கடையில் காசு வாங்கிப்போடும் டில்லில் நின்றாள். "இருந்த நல்ல வேலையை விட்டிட்டு வந்து நிக்கிறாய்" என்று நான் அடிக்கடி குத்திக்காட்டுவேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவளுடைய மகனுக்கு, என் மருமகனுக்கு, பதின்மூன்று வயது. ஹொலண்டில் சின்ன வயதிலேயே பேஸ்போல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்க்கும் தகப்பனுக்கும் வேலை என்பதால் விளையாட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட கிரிக்கெட் அணியில் ஆடியவன் நான். அந்தத் தடிப்பில், விதி தெரியாத விளையாட்டுக்கும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு இளையோர் தேசிய அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். அந்தக் கிழமை முழுக்க மருமகன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கடைசிக் கட்டம். இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. எங்கள் அணிப் பையன் ஒருவன் ஓடிவந்து பாதி வழியில், இரண்டாவது தளத்தில் நிற்கிறான். மருமகன் மட்டையோடு வந்தான். ஓங்கி அடிப்பான் என்று பார்த்தால், பந்தை மெல்லத் தட்டிக் காலடியில் போட்டுவிட்டு ஓடி அவுட்டானான். அடுத்தவன் அடித்த அடியில் எங்கள் அணி வென்றது. எனக்கோ அவன் அவுட்டானதுதான் கண்ணில் நின்றது.

நேராக அந்தத் தெரிவாளரிடம் போனேன். பையன் பயந்துவிட்டான், அந்த ஒரு பந்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மரத்துக்கு மேலால் அடிக்கக் கூடியவன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்றாடினேன். பின்னால் மருமகன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கொப்பியில் படம் கீறிக் காட்டினார். வேண்டுமென்றேதான் அப்படித் தட்டுவதாம். எல்லோரும் இவனை அவுட்டாக்க ஓடும் நேரத்தில் முன்னால் நின்றவன் இன்னொரு படி முன்னேறிவிடுவான். அதனால்தான் அடுத்த அடியில் வெற்றி வந்ததாம். தன்னைத் தெரிவுசெய்ய ஆள் வந்திருக்கும்போது அப்படி அவுட்டாகும் பிள்ளை அருமை, அந்தப் பந்துக்காகத்தான் பெயரை எழுதினேன் என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

காரில் ஏறியதும், "ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் எங்க மாமா கேட்டனீங்கள்? நேரா அவரிட்டப் போயிட்டீங்கள்."

வீட்டு வாசலில் தங்கை அப்போதுதான் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "என்னண்ணை, எப்பிடி விளையாடினவன்?" என்று கேட்டாள். "அவுட்டானவன். அதாலதான் எடுத்திருக்கினம்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீங்கியிருந்த அவளுடைய கால்களை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

இன்று அவன் ஹொலண்டில் சம்பளத்துக்கு விளையாடுகிறான். அப்படி மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாவதை யாரைப் பார்த்துப் பழகினான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிறகு தங்கை விட்டுவந்த வேலையைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.