அண்ணன் கூப்பிட்ட பெயர்

அந்தச் சீட்டுகளில் தேதி இருக்காது. அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நீல மையில் கடையின் பெயரும் அதன்கீழே ‘வியாழன்’ என்றும் எழுதி, ஒவ்வொரு அச்சு முறுக்குப் பொட்டலத்திலும் ஒன்றைப் போடுவார் அண்ணி. விவேக் நகர் தேவாலயத்தில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டம், கோயிலைவிட்டு வெளியே வந்ததும் எங்கள் சந்துக்குள் திரும்பும். பொழுது சாய்வதற்குள் தகரப் பெட்டிகள் காலியாகிவிடும். “இன்னிக்குச் சுட்டது இன்னிக்கே போவுது. தேதி இன்னாத்துக்கு தம்பி?” என்பார்.

பெயர் அண்ணன் வைத்தது. கடைக்காக வைத்ததில்லை, அண்ணிக்காக. ஒரு சின்னப் பறவையின் பெயர். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொல்லிக் கூப்பிடுவார். “வரேன் வரேன், ஊரையே கூட்டாதீங்க” என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும். மாரடைப்பில் அண்ணன் போனபின் அந்த வீட்டில் அந்தச் சத்தம் நின்றது. ஒன்றரை வருடம் கழித்து, முறுக்கு விற்கத் தொடங்கிய அண்ணி, யாரையும் கேட்காமல் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார். அடுத்த வியாழனே சந்து முழுக்க அது ஒலித்தது. ஆட்டோக்காரர்கள் அதோடு ‘அக்கா’ சேர்த்து, “எரடு பாக்கெட் கொடி” என்று கன்னடத்தில் இரண்டு பொட்டலம் கேட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது வக்கீல் ஆபீசில். டிரேட்மார்க் விண்ணப்பங்களை நிரப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. “ஊர்ல இருக்கற பேரையெல்லாம் பதியறியே, நம்ம பேரையும் பதிஞ்சுடேன்” என்று ஒருநாள் அண்ணி கேட்டார். “முதல்ல வியாபாரம் காலூணி நிக்கட்டும் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். வியாபாரம் நின்றது, ஓடவும் ஓடியது. அந்த அப்புறம் மட்டும் வரவேயில்லை. வந்தது நோட்டீஸ்தான்.

எங்களுக்குப் பின்னால் தொடங்கிய ஒரு பலகாரக் கம்பெனி அதே பெயரைப் பதிந்துவிட்டு, நாங்கள் அதைப் பயன்படுத்தக் கூடாதென்று அனுப்பியிருந்தது. முன்பிருந்தே பயன்படுத்துகிறோம் என்று எதிர்த்து நிற்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் காட்ட வேண்டும்: ஒரு பில், ஒரு விளம்பரம், தேதி போட்ட ஒரு துண்டுக் காகிதம். அண்ணன் போனபின் அண்ணி போட்டோவுக்குக்கூட நிற்பதில்லை; பலகையோடு ஒரு படமும் கிடையாது. வக்கீல் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, “எல்லாத்துலயும் வியாழன்னுதான் இருக்கு. எந்த வியாழன்?” என்றார். எனக்கு எல்லா வியாழனும் தெரியும். என்ன பயன்?

சாட்சி சொல்லச் சந்தே திரண்டு வந்திருக்கும். அண்ணிதான் மறுத்துவிட்டார். “அவரு கூப்பிட்ட பேரை கோர்ட்டுல வெச்சு யார் யாரோ கத்துவாங்க. வேணாம் தம்பி.”

இப்போது ஆபீசில் என் எதிரே வந்து உட்காரும் புதுக் கடைக்காரர்கள், “ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டுப் பதியலாமா சார்?” என்கிறார்கள். பெயர் மனதில் விழுந்ததுமே வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள், பலகை எழுதக் கொடுக்கும் முன்பே விண்ணப்பத்தைப் போடுங்கள், கடை திறக்காவிட்டாலும் போடலாம் என்கிறேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. சின்னக் கடைக்கு எதற்கு இவ்வளவு என்று சிரிக்கிறார்கள். சின்னக் கடையிடம் பெயரைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது?

பலகையைக் கழற்றியது நான்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற அண்ணி கேட்டார்: “எழுதத்தானே கூடாது? கூப்பிடலாம் இல்ல?”

“தாராளமா கூப்பிடலாம் அண்ணி. அதை யாரு கேப்பா?”

“அப்ப ஒரே ஒரு தடவை நீ கூப்பிடேன்.”

எங்கள் வீட்டில் கொழுந்தன் அண்ணியைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. இதுவோ அண்ணன் ஆசையாய் அழைத்த பெயர். ஏணியின்மேல் நின்றபடி வாயைத் திறந்தேன். “அண்ணி” என்றுதான் வந்தது. “சரி விடு, இறங்கு, விழுந்து வைக்காதே” என்று சிரித்தார்.

கடைக்கு இன்று வேறு பெயர். முதல் நாளே விண்ணப்பம் போட்டேன், சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அண்ணி அதை ஏறிட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. ஆபீசிலிருந்து திரும்பும் பஸ்ஸில், இரைச்சல் கூடும் இடமாகப் பார்த்து, பழைய பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். முதல் எழுத்து வருகிறது. அதற்குள் நிறுத்தம் வந்துவிடுகிறது.