அப்ரூவல் பிளானில் இருந்த மாடிப்படி

ஓசூரில் முப்பது வருஷம் வீட்டு பிளான் போட்டவன் நான். டிராஃப்டிங் டேபிளை விற்றாகிவிட்டது. பழைய டிரேசிங் தாள்களை மட்டும் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டை விரித்துப் பார்ப்பேன். என் மனைவி அதைத் தூக்க மாத்திரை என்பாள். அவளுக்கு என்ன தெரியும்?

இந்த ஊரின் அழகான வீடுகளெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கின்றன. சைக்கிள் மட்டும் வைத்திருந்தவருக்குக் கார் போர்ட்டிகோ. கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக ஆறு ரூம் கட்டியவருக்குத் தாளில் பெரிய ஹால், பூஜை ரூம், ஸ்டடி ரூம். எங்கள் தொழிலில் முனிசிபல் ஆபீஸுக்குக் காட்ட ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளான். முதலாவதை நான் போடுவேன். இரண்டாவது மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது.

போன வருஷம் வெங்கடேசப்பா வந்தார். ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு அப்ரூவல் பிளான் போட்டது நான்தான். கையில் நோட்டீஸ். ரோட்டோரம் காலியாக விடவேண்டிய ஐந்தடியில் மாடிப்படி கட்டியிருக்கிறாராம், பதினைந்து நாளில் இடிக்க வேண்டுமாம். மாடியில் மகன், மருமகள், நான்கு மாதக் குழந்தை. ஏற இறங்க அந்த ஒரு படிதான்.

"எங்க பிளான கரையான் தின்னுடுச்சு சார். உங்க காப்பியில அந்தப் படி இருந்தா போதும். ஆபீஸ்ல காட்டித் தப்பிச்சுக்குவேன்."

"தேடிப் பாக்கறேன்" என்றேன்.

பத்து நிமிஷ வேலை அது. நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுருளையும் விரித்து ரசித்தால் அப்படித்தான் ஆகும். அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

கிடைத்ததும் அவர் வீட்டுக்கே கொண்டுபோய் விரித்தேன். அவர் மனைவி ரத்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதே சார். யாரு வூடு இது?"

"உங்க வீடுதாம்மா."

பிளான் போட்டு இருபத்திரண்டு வருஷம். அன்றுதான் அதை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். படி வீட்டுக்குள்ளே, ஹாலின் மூலையில் இருந்தது. ரோட்டோர ஐந்தடியில் நான் வரிசையாகச் செம்பருத்திச் செடி வரைந்திருந்தேன். வெங்கடேசப்பா செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் அதையே ஆபீஸில் காட்டினோம். அதிகாரி சிரித்தார்.

"பிளான் பிரமாதம். இதும்படி கட்டியிருந்தா நான் ஏன் வரப்போறேன்? உள்ள படி கட்டிட்டு வெளிய இருக்கறத இடிங்க. அதுவரைக்கும் டைம் தரேன்."

ஹால் கூரையை அறுத்து, என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி படி கட்டினார். கோடு பிசகவில்லை. என் சர்வீஸில் ஒரு மேஸ்திரி நான் போட்டதைப் பார்த்துக் கட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன்.

வெளிப்படியை இடித்த மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். கீழே ரத்னம்மா நின்றிருந்தார். மேலே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருமகள், இறங்கத் தைரியமில்லாமல்.

"நீங்க போட்ட படிதான் சார். ஒருவாட்டி ஏறிப் பாருங்க" என்றார் ரத்னம்மா.

ஏறினேன். ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட ஓரடி உயரம்; இரண்டாவதிலேயே முழங்கால் முனகியது. பத்தடி உயரத்துக்குப் பதினெட்டுப் படி வேண்டும். நான் பதினோரு கோடுதான் இழுத்திருந்தேன். கோடுகள் நெருக்கமாக இருந்தால் தாளில் பார்க்க நன்றாக இருக்காது, அதனால். ஐந்தாவது படியில் பீம் நெற்றியில் இடித்தது.

"பாத்து சார்" என்றாள் மருமகள். "அவருக்கும் அங்கதான் இடிக்குது."

குழந்தையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அதை உடைத்துப் பதினெட்டுப் படியாகக் கட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. அதுவரை மருமகளும் குழந்தையும் கீழேயே படுத்தார்கள்.

இப்போது கம்ப்யூட்டரில் பிளான் போடும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: படியைப் போட்டால் மனசுக்குள்ளாவது ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

அந்தப் படியில் ஏறி இறங்கிய அன்று சாயங்காலம் மற்ற சுருள்களையும் இறக்கிப் படிகளை எண்ணினேன். எல்லா வீட்டிலும் பதினொன்று. என் பிளானைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டிய மேஸ்திரிகளெல்லாம் நன்றாக இருக்கட்டும்.